மாமாவின் பாதி மாத்திரை

டோக்கன் நாற்பத்தொன்று உள்ளே போயிருக்கிறது. எங்களுடையது அறுபத்தெட்டு. நடுவில் இருபத்தாறு பேர். இதைக் கண்டுபிடிக்க நான் விரலை மடக்க வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்று மூன்று வாங்கியவள், இப்போது இந்தக் கழித்தலுக்கு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாயும் என் வாயாக இல்லை. காலையில் எழுந்தால் நாக்கைச் சுற்றி யாரோ பஞ்சைத் திணித்து வைத்த மாதிரி இருக்கிறது, மத்தியானம் சோறு தின்கிற வரைக்கும் அப்படித்தான். மாத்திரை செய்கிற வேலை. பாதி மாத்திரைக்கே இப்படி என்றால் முழுசாகப் போடுகிற பரமகுரு மாமாவுக்கு எப்படி இருக்கும் என்று ஆரம்பத்தில் நினைத்தேன், என்ன புத்தி எனக்கு, நான் பாதி போட ஆரம்பித்த நாளிலிருந்து அவரும் பாதிதானே போடுகிறார். அது அவருடைய மாத்திரை. மாசத்துக்கு முப்பது, இந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநோய் பார்க்கிற பதினாலாம் நம்பர் அறையில் எழுதித் தருவது, கவர் மேல் பூஜ்யம் பூஜ்யம் ஒன்று என்று போட்டிருக்கும், காலையில் இல்லை, மத்தியானம் இல்லை, ராத்திரி ஒன்று. அந்த ஒன்றை ஆனி மாசத்திலிருந்து அம்மா பிளேடால் இரண்டாக்குகிறாள். அம்மா என்றால் பேச்சித்தாய், தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவள், பிளேடு பிடித்தால் கை கோணாது. ஒரு பாதி அவள் தம்பிக்கு. ஒரு பாதி மகளுக்கு. தம்பிக்கு மண்டைக்குள் கேட்கிற சத்தம் நிற்க, மகளுக்குத் தூக்கம் வர. வருகிறது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே வருகிறது. மாமாவுக்குத்தான் நிற்கவில்லை.

இதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். முழங்கையில் கட்டு. கட்டுக்கு மேலே சட்டையை நான்தான் காலையில் மடித்துவிட்டேன். இவர் இந்த வரிசையில் இருக்கிற தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார், உதடு அசைவது தெரிகிறது, கடைசித் தலைக்குப் போனதும் முதல் தலைக்கு வந்துவிடுவார். "மருமகளே," என்கிறார் என் பக்கம் திரும்பாமல், "ஒரு ஆளு இன்னும் எறங்கல." சரி மாமா என்கிறேன். இதை இன்றைக்கு எத்தனையாவது தடவை சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது, நான் எண்ணுவதில்லை, ஒரு வீட்டில் ஒரு ஆள் எண்ணினால் போதும். மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஜங்ஷனிலிருந்து கிளம்பி எங்கள் தெரு முனை வழியாக பைபாஸ் தாண்டி ஊர் ஊராகப் போகிற வெள்ளை பஸ். எனக்கு நாலு வயது இருக்கும்போது அந்த வேலை போனது. கடைசி ட்ரிப் முடிந்து பஸ்ஸை ஷெட்டில் விட்ட பிறகும் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம், ஒரு ஆள் உள்ளே இருக்கிறான், அவன் இறங்கவில்லை என்று. காலிப் பஸ். டிரைவர் டார்ச் அடித்துக் காட்டினாராம், சீட்டுக்கு அடியில் எல்லாம். அதற்கு முன்னால் ஒரு மாசம் மாமா சரியாகத் தூங்கவில்லை. இது நான் கேட்ட கதை, அம்மா எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னது, சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவனும் மொதல்ல தூங்காமத்தான் கெடந்தான்." அந்தப் பார்வைக்கு அப்புறம்தான் பிளேடு வந்தது. அப்பா லாரியில் போனால் பதினைந்து நாள், இருபது நாள், அவருக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது, போன் போட்டால் பிள்ளை தூங்குதா சாப்பிடுதா என்பார், தூங்குது சாப்பிடுது என்பாள் அம்மா, அது உண்மையும்தானே.

நாற்பத்து மூன்று. ஒரு ஆளுக்கு மூன்று நிமிஷம் கூட ஆகவில்லை. இன்றைக்கு அம்மாதான் வந்திருக்க வேண்டும், மாசா மாசம் அவள்தான் வருவாள், ஆபீசில் லோடு போகிற நாள் லீவு இல்லை என்றதும் என்னை அனுப்பிவிட்டாள். அனுப்பும்போது பாடம். "டாக்டரம்மா ஒழுங்கா சாப்பிடுதானான்னு கேப்பாக. சாப்பிடுதான்னு சொல்லு. தூங்கவே மாட்டேங்கான், சத்தம் கேக்குதுங்கான், அதச் சொல்லு. பத்து மில்லி எழுதுறத பதினஞ்சாக்குவாக. பத்து ஒண்ணு, அஞ்சு ஒண்ணு, ரெண்டு மாத்திரையாக் குடுப்பாக. பத்து அவனுக்கு, அஞ்சு உனக்கு. பிளேடே வேண்டாம்." பிளேடே வேண்டாம் என்று சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஆறு மாசமாக அந்தக் கணக்கு அவளுக்கும் உறுத்தியிருக்கிறது, இப்போது விடை வந்துவிட்டது. நானும் யோசித்துப் பார்க்கிறேன், இதில் என்ன தப்பு என்று. அவருக்கு முன்பு இருந்த பத்து திரும்பக் கிடைத்துவிடும். சத்தம் நின்றுவிடும். எனக்கு என் அஞ்சு. யாருக்கு நஷ்டம். டாக்டருக்கா, அரசாங்கத்துக்கா, எத்தனை மாத்திரை எத்தனை வீட்டில் அலமாரியில் கிடந்து காலாவதியாகிறது. ஒரே ஒரு பொய். அதுவும் பெரிய பொய் இல்லை. சாப்பிடுகிறார் என்பது பொய்யே இல்லை, சாப்பிடத்தானே செய்கிறார், எவ்வளவு என்று கேட்டால்தானே. இப்படி வரிசையாக எல்லாம் சரியாக வந்து கடைசியில் ஒரு இடத்தில் மாட்டுகிறது, சேலை முந்தானை ஆணியில் மாட்டுகிற மாதிரி, எந்த ஆணி என்று திரும்பிப் பார்த்தால் ஆணி தெரியவில்லை, திரும்பவும் முதலிலிருந்து.

"ஏ தாயி, நீ எத்தன?" பக்கத்தில் மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மா. அறுபத்தெட்டு என்றேன். "எனக்கு அறுபத்தாறு. யாருக்குப் பாக்க வந்த, ஒனக்கா?" எனக்கில்லை, எனக்கில்லை, மாமாவுக்கு. இரண்டு தடவை சொன்னேன். ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். முகம் சூடாகிவிட்டது. எங்கள் தெருவில் யாரையாவது திட்ட வேண்டும் என்றால் பதினாலாம் நம்பர் என்பார்கள். பள்ளிக்கூடத்திலேயே சொல்வார்கள், லூசு என்று சொன்னால் டீச்சர் அடிப்பார் என்று ஏய் பதினாலு என்பார்கள், நானும் சொல்லியிருக்கிறேன், சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மாமாவுக்குச் சோறு போட்டிருக்கிறேன். மஞ்சள் சேலை அம்மா பக்கத்தில் இருந்த தன் வீட்டுக்காரரை முழங்கையால் இடித்தாள். "இவருக்கு என்ன நோக்காடுன்னு கேளு. விடியமுன்ன எந்திரிச்சு வீட்ல உள்ள சட்டி பான அம்புட்டையும் வெளக்குதாரு. நான் டாக்டரம்மாட்ட சொல்லிட்டேன், மாத்திர குடுங்க, கோவம் நிக்கட்டும், சத்தம் நிக்கட்டும், பாத்திரம் வெளக்குறது மட்டும் நின்னுரக் கூடாதுன்னு." அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் கவனித்தேன், சிரிப்பு வர எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகிறது, ஜோக் உள்ளே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறது. இதுவும் மாத்திரையா அல்லது நானேயா. இது மாத்திரை, இது நான் என்று பிரித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதைக் கேட்க வேண்டிய இடம் இந்தக் கதவுக்கு உள்ளே இருக்கிறது, நான் கதவுக்கு வெளியே எனக்கில்லை எனக்கில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, யாரும் சாகவில்லை, யாரும் என்னைக் காதலித்துவிட்டு ஓடவில்லை. பிளஸ் டூ அரையாண்டுக்கு முன்னால் ஒரு நாள் படுத்தேன், தூக்கம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாவது நாள் படுக்கும்போதே இன்றைக்கும் வராவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன், அவ்வளவுதான், அதிலிருந்து படுக்கை என்றாலே பரீட்சை ஹால் மாதிரி ஆகிவிட்டது. கண்ணை மூடினால் கண்ணுக்குள் நான் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பேன், தூங்கிவிட்டாளா, இல்லை, இப்போது, இல்லை. பகலில் வகுப்பில் விழுவேன். கெமிஸ்ட்ரி சார் சாக்பீஸை எறிந்து, "இசக்கியம்மாளுக்கு ஒரு தலகாணி கொண்டாங்கடா" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அப்புறம் வீட்டிலிருந்து ஒரு தலையணையையே தூக்கி வந்து என் பெஞ்சில் போட்டாள் பின்னாலிருந்த ஒருத்தி. அன்றைக்கு மத்தியானம் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் திரும்பப் போகவில்லை. தலையணைக்காகப் படிப்பை விட்டாள் என்று யாராவது கதை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். தலையணை இல்லை விஷயம். எனக்கு அந்த பெஞ்சில் அப்படியே தலையை வைத்துப் படுக்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவு பேர் சிரிக்கும்போதும் அதுதான் தோன்றியது, அதைப் பார்த்து எனக்கே பயம் வந்துவிட்டது. இப்போது செல்போன் கடையில் கவர் விற்கிறேன், டெம்பர் கிளாஸ் ஒட்டுகிறேன். குமிழி விழாமல் ஒட்ட வேண்டும். காலையில் ஒட்டுவதெல்லாம் குமிழி விழுகிறது, சாயங்காலம் ஒட்டுவது சரியாக வருகிறது. முதலாளி கேட்டார், "ஏன் பிள்ள, காலைல ஒரு கை, சாயங்காலம் வேற கையா?" என்று. ஆமாம் அண்ணே என்றேன்.

முதல் பாதி மாத்திரை. அம்மா உள்ளங்கையில் வைத்து நீட்டினாள், அரை நிலா மாதிரி, ஓரம் மட்டும் பொடி உதிர்ந்து. "காய்ச்சலுக்குப் பாதி போதும்னு என் மாத்திரைய ஒடச்சுத் தர்றதில்லையா, அது மாதிரிதான். அவனுக்குக் கேக்குது, உனக்கும் கேக்கும். ஒரே ரத்தம்." அந்த ஒரே ரத்தம் என்ற வார்த்தைதான் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமலேயே விழுங்கினேன். அரை மணி நேரத்தில் கால் முதலில் போனது, பிறகு கை, பிறகு யாரோ என் மேல் ஈரச் சாக்கை ஒன்றன் மேல் ஒன்றாகப் போடுகிறார்கள், கண்ணுக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து போய்விட்டாள். கண் விழித்தபோது காலை பத்து மணி. நான் அழுதேன். சந்தோஷத்தில். இதை யாரிடமும் சொன்னதில்லை, எட்டு மாசத்துக்கு அப்புறம் தூங்கி எழுந்த அன்றைக்கு நான் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன். அதற்கப்புறம் பசி. நாலு தோசை, ஆறு தோசை, தின்று முடித்து அரை மணியில் மறுபடியும் பசி, சுடிதார் எல்லாம் கக்கத்தில் பிடிக்கிறது. போனில் மாத்திரை பேரைப் போட்டுப் பார்த்தேன், ஓலான்சபின், மனச்சிதைவு நோய்க்கு என்று வந்தது, தூக்கத்துக்கு என்று முதலில் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி போட மாட்டேன் என்று வைத்துவிட்டேன். கண் கொட்டவில்லை. விடிய விடிய ஒன்றே ஒன்றுதான் ஓடியது. இந்த மாத்திரை எனக்குக் கேட்கிறது என்றால், இந்த மாத்திரை எந்த நோய்க்கோ அந்த நோய் எனக்கு இருக்கிறது என்றுதானே அர்த்தம். பூட்டில் சாவி சுற்றுகிறது என்றால் அது அந்தப் பூட்டின் சாவிதானே. மறுநாள் அந்தப் பாதியையும் அன்றைக்குரிய பாதியையும் சேர்த்துப் போட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஐம்பத்தொன்று. போன். அம்மா. தீப்பெட்டி ஆபீஸ் இரைச்சலுக்கு நடுவில் கத்துகிறாள். "ஏட்டி, கூப்பிட்டாச்சா?" இன்னும் இல்லை. "அவன் என்ன செய்யுதான்?" எண்ணுகிறார். "எண்ணட்டும். டாக்டரம்மா முன்னாலயும் எண்ணட்டும், அப்பத்தான் கூட்டி எழுதுவாக." அம்மா, நான் வேண்டுமானால் டாக்டரிடம் என்னையும் காட்டட்டுமா என்றேன். இதை நான் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அங்க ஒம்பேர்ல சீட்டுப் போட்டா அது அழியாதுட்டி. ஒரு வீட்டுல ரெண்டு சீட்டுன்னா அதுக்கு என்ன பேரு தெரியுமா? நாளைக்கு உன்னப் பாக்க வாரவன் தெருவுல விசாரிக்க மாட்டானா? ஏற்கெனவே இவன் ஒருத்தனாலே..." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் உனக்குக் கெடுதலா செய்வேன்? சொல்லு. நான் செய்வேனா?" செய்ய மாட்டாய் அம்மா. "வைக்கேன். சூப்பர்வைசர் பாக்காரு." வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. அவளும் பயந்துதான் இருக்கிறாள். தம்பியை இழுத்துக்கொண்டு பதினாலு வருஷமாக இந்த வராந்தாவுக்கு வருகிறவள், இன்னொரு ஆளை இழுத்துக்கொண்டு வர அவளுக்குத் தெம்பு இல்லை. பிளேடு அவளுக்குச் சுலபம்.

முழங்கைக் கட்டு. அதைப் பார்க்காமல் இருக்கலாம் என்று எதிர்ச் சுவரைப் பார்க்கிறேன், காசநோய் போஸ்டர், கர்ப்பிணி போஸ்டர், திரும்பக் கட்டுக்கே வருகிறது கண். இரண்டு வருஷமாக மாமா நன்றாக இருந்தார். பஸ் ஸ்டாண்டு வண்டி நிறுத்தத்தில் டோக்கன் கொடுக்கிற வேலை, நம்பரை வண்டியில் ஒன்று ஆளிடம் ஒன்று, தப்பே வராது, சம்பளத்தில் எனக்கு இயர்போன் வாங்கித் தந்தார். ஆவணியில் ராத்திரி உட்கார ஆரம்பித்தார். புரட்டாசியில் எண்ண ஆரம்பித்தார். ஐப்பசியில் ஒரு நாள் வண்டி எடுக்க வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, ஒரு ஆள் வரவில்லை, அவர் வந்தால்தான் விடுவேன் என்றார், வேலை போனது. இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்த்துக்கொண்டே ராத்திரி என் பாதியை விழுங்கினேன். போன திங்கட்கிழமை பைபாஸில் ஓடுகிற மினி பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி, ஏறி, தலை எண்ணி, ஒரு ஆள் இன்னும் இறங்கவில்லை, வண்டியை எடுக்கக் கூடாது என்று படியில் நின்றாராம். புது கண்டக்டர், சின்னப் பையன், பிடித்துத் தள்ளியிருக்கிறான். ரோட்டில் விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரன் பிரேக் போட்டான். போட்டான் என்பதால் மாமா இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இதுதான் அந்த ஆணி. இப்போது தெரிகிறது. நான் தூங்கிய ஒவ்வொரு ராத்திரியும் அவருடைய ராத்திரி.

சின்ன வயதில் தூங்குவதற்கு நான் ஒன்றுமே செய்ய வேண்டியிருந்ததில்லை. மூன்று வயதோ நான்கோ, அவர் வேலையில் இருந்த கடைசிக் காலம், அம்மா ஆபீசுக்குப் போகும்போது என்னை மாமா பஸ்ஸில் ஏற்றிவிடுவாள், டிரைவர் பக்கத்தில் என்ஜின் மூடி மேல் சாக்கு விரித்து உட்கார வைப்பார்கள். பிட்டம் சுடும். டீசல் வாசம். என்ஜின் அதிர்வில் பல் கிடுகிடுக்கும், அந்தக் கிடுகிடுப்பிலேயே தூங்கிவிடுவேன். எங்கே இருக்கிறேன், எங்கே போகிறேன், எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தோளில் விசில் கயிறு உரசும், "ஏ மருமகளே, நம்ம ஸ்டாப்பு" என்று குரல் வரும். நிஜமாகவே ஞாபகம் இருக்கிறதா அல்லது அம்மா சொல்லிச் சொல்லி வந்ததா என்று தெரியவில்லை. சூடு மட்டும் நிஜம்.

அறுபத்தாறு. மஞ்சள் சேலை அம்மா வீட்டுக்காரரைக் கிளப்புகிறாள், "எந்திரிங்க, பாத்திரக்காரரே." அறுபத்தேழு. அறுபத்தெட்டு. மாமாவின் நல்ல கையைப் பிடித்து உள்ளே போகிறேன். டாக்டரம்மா சின்ன வயதாகத்தான் இருக்கிறார், கண்ணுக்குக் கீழே கறுப்பு, இவரும் தூங்கவில்லை போல. நோட்டைப் புரட்டுகிறார். "அக்கா வரலையா?" ஆபீஸ், லோடு. "நீ?" அக்கா மகள். மாமாவிடம் கேட்கிறார், "பரமகுரு, எப்படி இருக்கீங்க?" மாமா அறையை எண்ணுகிறார், டாக்டர், நர்ஸ், நான், அவர். "ஒரு ஆளு எறங்கல மேடம்." எத்தனை நாளாக என்று என்னிடம். நான் சொல்கிறேன், ஆவணி, புரட்டாசி, வண்டி நிறுத்தம், பைபாஸ், லாரி. இதெல்லாம் உண்மை, சுலபமாக வருகிறது. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரா?" சாப்பிடுறாரு மேடம். "தினமும்? ஒரு நாள்கூட விடாம?" ஒரு நாள்கூட விடாம. அதுவும் உண்மை. டாக்டரம்மா பேனாவை எடுக்கிறார், இதோ, பதினைந்து எழுதப் போகிறார், பத்து ஒன்று அஞ்சு ஒன்று, பிளேடே வேண்டாம். எழுதவில்லை. பழைய பக்கங்களுக்குப் போகிறார். "முழு டோஸும் ஒழுங்கா சாப்பிட்டும் இப்படின்னா, இந்த மருந்து இவருக்கு இனி வேலை செய்யலன்னுதான் அர்த்தம். போன வாட்டி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவோம். உள்ள சேர்த்து வேற மருந்து ஆரம்பிக்கணும், வாரா வாரம் ரத்தம் பாக்கணும், ரெண்டு மாசமாவது இருக்கட்டும். அம்மாவக் கூட்டிட்டு வந்து கையெழுத்துப் போடச் சொல்லு." எழுத ஆரம்பிக்கிறார். மாமா திரும்பிக் கதவைப் பார்த்தார். போன வாட்டி என்றால் எனக்கு ஒன்பது வயது. மொட்டை அடித்து அனுப்பினார்கள், பேன் என்று சொன்னார்கள், வந்து ஒரு மாசம் யாரிடமும் பேசவில்லை, வாசல் கதவை அடைத்தால் மட்டும் எழுந்து வந்து திறந்து வைப்பார். பேனா ஓடுகிறது. ஒரு வரி முடிந்துவிட்டது. இப்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் பாதி எடுத்ததற்கு இவரை முழுசாக அனுப்பிவிடுவார்கள். எழுதாதீங்க மேடம். சத்தம் வரவில்லை, பஞ்சு. மறுபடியும், "எழுதாதீங்க மேடம். அவரு பாதிதான் சாப்பிடுறாரு."

பேனா நின்றது. "என்ன?" பாதி. "மீதிப் பாதி?" நான். "நீ என்ன?" நான் சாப்பிடுறேன். தூக்கம் வராது மேடம் எனக்கு, அதுக்கு. நர்ஸ் என்னைப் பார்த்தார், கையில் இருந்த அட்டையைக் கீழே வைத்துவிட்டே பார்த்தார். "யார் குடுத்தது?" அம்மா. "உங்க அம்மா டாக்டரா?" தீப்பெட்டி ஆபீசுல லேபிள் ஒட்டுறாங்க. இதற்கு நர்ஸ் சிரித்துவிட்டார், டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஆறு மாசம் என்றேன். சில நாள் இரண்டு பாதி என்றேன். இதை அம்மாவே அறிய மாட்டாள், என்னவோ ஒன்று திறந்துகொண்டது, வந்துகொண்டே இருந்தது, பசி, குமிழி, சிரிப்பு லேட்டாக வருவது. எனக்கும் அந்த நோய்தானா மேடம், கேட்குதே எனக்கு மாத்திரை, அப்படின்னா அதுதானா. டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். "இந்த மாத்திரை போட்டா நானும்தான் தூங்குவேன். இவங்களும் தூங்குவாங்க. அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." நர்ஸைக் காட்டினார். ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. நான் கவனித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. "இவருக்கு முழு மாத்திரை, உன் கண்ணு முன்னால முழுங்கணும். ஒரு மாசம் பாப்போம், அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியப் பத்திப் பேசலாம். நீ இனிமே அதத் தொடாத. வெளிய போயி உன் பேர்ல சீட்டுப் போட்டுட்டு வா. பேசணும். அம்மாட்டயும் பேசணும்." இன்னைக்கு ராத்திரி தூக்கம் வராதே மேடம். "வராது," என்றார் டாக்டரம்மா. "கொஞ்ச நாளைக்கு மோசமாத்தான் இருக்கும். அதுக்குத்தான் சீட்டுப் போட்டுட்டு வான்னு சொல்றேன்."

சீட்டுக் கவுண்டரில் எனக்கு முன்னால் எட்டுப் பேர், பின்னால் எத்தனை பேர் என்று பார்க்கவில்லை. ஓடிவிடலாம். மாமாவுடைய மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம், முப்பது மாத்திரை கையில் இருக்கும், பிளேடும் வீட்டில் இருக்கிறது. ஏழு பேர். அம்மாவுக்கு என்ன சொல்வேன். ஐந்து பேர். அழியாதுட்டி என்றாளே, எதில் எழுதுகிறார்கள் அப்படி அழியாமல், கம்ப்யூட்டரில்தானே தட்டுகிறார்கள். இரண்டு பேர். "பேரு?" இசக்கியம்மாள். "வயசு?" பதினெட்டு. "என்ன செய்யுது?" தூக்கம் வரல. அவர் தலை நிமிர்ந்து, "டீ குடிக்கிறதக் கொற," என்றார், "எத்தனாம் நம்பர்?" பின்னால் யாரோ இருமினார்கள். பதினாலு. "கேக்கல." பதினாலு அண்ணே. பதினாலு. கத்திவிட்டேன். சீட்டு வந்தது, என் பேர் போட்டு, கொஞ்சம் மை மங்கலாக. புது டோக்கன் தொண்ணூற்று மூன்று. என் கணக்கு மார்க்.

திரும்பி வந்தபோது மஞ்சள் சேலை அம்மா மருந்துக் கவரோடு நின்றுகொண்டிருந்தாள், மாமாவுக்குக் காவலாக நின்றாளாம். என் கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். தன் பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டு வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அது பரிதாபமா அன்பா என்று எனக்குத் தெரியவில்லை, வாய் உலர்ந்திருந்தது, உரித்து ஒரு சுளை தின்றேன், பாதியை மாமாவிடம் கொடுத்தேன். கொடுத்த பிறகு பாதி என்பது உறைத்து, மிச்சத்தையும் கொடுத்துவிட்டேன். எழுபத்து நாலு என்கிறார்கள். இன்னும் பத்தொன்பது. இல்லை, பதினெட்டு. போனில் அம்மாவின் மூன்று மிஸ்டு கால். அவளிடம் எப்படிச் சொல்வது என்பது ஒன்று, இன்றைக்கு ராத்திரி என்பது இன்னொன்று. முழு ராத்திரி, பிளேடு இல்லாத ராத்திரி, கண்ணுக்குள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பவள் திரும்ப வந்து உட்காருவாள், எத்தனை நாள், கொஞ்ச நாள் என்றால் எத்தனை, அதற்குள் எனக்கும் ஏதாவது சத்தம் கேட்க ஆரம்பித்தால், கேட்டால் அது மாத்திரையை விட்டதாலா, அதுவாகவே வந்ததா, யாரிடம் கேட்பது. மாமா விரலில் ஆரஞ்சு நார் ஒட்டியிருக்க எண்ணுகிறார். "மருமகளே, ஒரு ஆளு இன்னும் எறங்கல."

ஆமா மாமா, நான்தான் என்றேன்.

எண்ணுவது நின்றது. அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார், இந்த இரண்டு மூன்று மாசத்தில் என் முகத்தை அவர் இப்படிப் பார்க்கவில்லை, தலையை எண்ணுவார், முகத்தைப் பார்க்க மாட்டார். "டிக்கெட் எடுத்தாச்சா?" எடுத்தாச்சு. சீட்டைக் காட்டினேன். வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, என் பேரை உதட்டால் வாசித்து, நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இன்னும் ரொம்பத் தொல போகணும்லா. தூங்கணும்னா தூங்கு. ஸ்டாப்பு வந்தா எழுப்புதேன்." சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட கையை பெஞ்சின் முதுகில் நீட்டி என் தலைக்குப் பின்னால் வைத்தார், வளைவில் திரும்பும்போது பிள்ளை விழாமல் கம்பியைப் பிடிப்பார்களே, அப்படி. மருந்து வாசம் அடித்தது. எழுபத்தைந்து என்றார்கள். சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன். தூக்கம் வரவில்லை. எழுபத்தாறு என்றார்கள், திறக்கவில்லை.